சொல்லும் அதன் சுற்றமும்

தஞ்சை ஜில்லாவிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் பாதி தம்முடைய பெண்ணைப் பற்றிய பெருமை. மற்றப் பாதி அவளைப் பற்றிய விசாரம். பெண் பி. எஸ்ஸி. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள். அந்தக் குடும்பத்தில் கலாசாலைப் படி ஏறிய முதல் பெண்ணும் அவள்தான். ஆங்கிலத்தில் மூவாயிரம் அருஞ்சொற்களைத் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் எழுதி, காலையிலும் மாலையிலும் உருப்போட்டிருக்கிறாள். பிறகு ஓர் உத்தியோகத்துக்காகப் பேட்டிக்குப் போனாள். அங்கே இருந்த பெரிய மனிதர் சாஸ்திரக் கேள்வி எதையும் முதலில் கேட்கவில்லை. "ஏன் அம்மா, ஊரிலிருந்து எப்படி வந்தாய்? வழியில் சிரமம் ஒன்றும் இல்லையே?" என்று ஆங்கிலத்தில் விசாரித்திருக்கிறார். பஸ் வழியில் பழுதாகிவிட்டது, இறங்கி வேறு பஸ் பிடித்து வந்தேன் என்று பதில் சொல்ல வேண்டும். மூவாயிரம் வார்த்தைகளில் ஒன்றாவது உதவிக்கு வரவில்லை. பெண் பேசாமல் நின்றுவிட்டு, பேசாமலே வீடு திரும்பிவிட்டாள்.

தகப்பனார் இதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, ஒரு சிகிச்சையும் ஆரம்பித்துவிட்டார். வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணமாம். ஆகையால் சென்ற மாதம் முதல் இரவு ஒன்பது மணி வரையில் அந்த வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்று சட்டம். பெண்ணுடைய பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒன்பது மணிக்கு முன்பே பாட்டி படுத்துவிடுகிறாள். எனவே பேத்திக்கும் பாட்டிக்கும் பேச்சு வார்த்தை ஒரு மாதமாக நின்றுபோயிருக்கிறது. "இது சரியான வழிதானா? எவ்வளவு காலம் இவ்விதம் இருக்கவேண்டும்?" என்று நேயர் கேட்கிறார்.

சரியான வழி இல்லை. இன்றைக்கே அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்பது நமது பதில். ஆனால் உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்கள் காரணம் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆகையால் விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே ஆலோசிப்போம்.

முதலில் அந்த நோட்டுப் புத்தகம். அதைப் போன்ற நோட்டுப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் நம் கையில் வந்து போயிருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சு. சந்தோஷம் என்பதற்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல், கோபம் என்பதற்குப் பன்னிரண்டு சொல், கஞ்சன் என்பதற்கு ஏழு சொல். நாற்பது வருஷம் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்தவர்களும் ஒரு தடவை கூட உபயோகித்திராத சொற்கள். சொல் கடினமாக இருந்தால்தான் அது சேர்த்து வைக்கத் தக்கது என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் எப்படியோ வேரூன்றியிருக்கிறது. எளிய சொற்களைத் தமக்குத் தெரிந்தவை என்று தள்ளிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1961-ஆம் வருஷத்தில் அங்கே அச்சான பத்திரிகைகள், கதைகள், சாஸ்திர நூல்கள், சமய நூல்கள் முதலியவற்றிலிருந்து 500 பகுதிகளை, பகுதிக்குச் சுமார் 2,000 வார்த்தையாக எடுத்து, மொத்தம் பத்து லட்சம் வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பத்து லட்சத்தில் பாதியை வெறும் 135 சொற்களே திரும்பத் திரும்ப வந்து நிரப்பியிருந்தன! 'தி' என்ற ஒரே சொல் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றப் பாதியில்தான் இதர ஆயிரக்கணக்கான சொற்கள் எல்லாம் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தன.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'காட் ஆஃப்' என்று இரண்டே சொல். வேறு பஸ் பிடித்தேன் என்பதற்கு 'டுக் அனதர்'. பழுதாகிவிட்டது என்பதற்கு 'ப்ரோக் டௌன்'. இந்த ஆறு சொல்லில் எதையும் அந்தப் பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கமாட்டாள் என்று நாம் பந்தயம் கட்டத் தயார். ஆறும் அவளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் இவற்றில் எது எதனோடு சேரும், சேர்ந்தால் என்ன பொருள் தரும் என்பதுதான் தெரியாது. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் மேலே கொடுப்பதா? இல்லை, கைவிடுவது. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுவது. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. இந்தச் சின்னஞ்சிறு சொற்கள் ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறையிலிருந்து பார்லிமெண்டு வரையில் எல்லா வேலையும் செய்கின்றன.

சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்துகொண்டால் பாஷை வந்துவிடும் என்று நினைப்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆச்சரியமான மறதி. ஏனென்றால் தமிழ் வாத்தியார் அவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும், மயில் அகவும். குயவன் பானை வனைவான், கூடையை முடைவார்கள், ஆடையை நெய்வார்கள், மாலையைத் தொடுப்பார்கள். பசுவுக்குக் கன்று, நாய்க்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. தென்னைக்கோ பிள்ளை! குட்டி என்பதற்கும் குஞ்சு என்பதற்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனாலும் கோழிக்குட்டி என்று யாராவது சொன்னால் மூன்று வயதுக் குழந்தை சிரிக்கும். இதற்கு நம் இலக்கணக்காரர்கள் மரபு என்று பெயர் வைத்தார்கள். தொல்காப்பியத்தில் இளமைப் பெயர் முதலியவற்றைச் சொல்வதற்கென்றே மரபியல் என்று ஓர் இயல் இருக்கிறது. மரபு தவறினால் மரபு வழு என்று மார்க்கைக் குறைத்தார்கள்.

ஆங்கிலத்துக்கும் மரபு உண்டு என்பதை மட்டும் ஆங்கில வகுப்பில் யாரும் சொல்லவில்லை. தமிழ் வகுப்பில் கற்ற நல்ல வித்தையை ஆங்கில வகுப்பின் வாசலில் செருப்பைப் போல் கழற்றி விட்டுவிட்டுப் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். 'பலத்த' என்ற தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பலத்த காற்று, பலத்த மழை, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கரகோஷம் என்று தினசரிப் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் ஐந்தும் வரலாம். நோட்டுப் புத்தகத்தில் பலத்த என்பதற்கு நேரே 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருக்கும். காற்றுக்கு அது பொருந்தும். 'ஸ்ட்ராங் விண்ட்' என்று சொல்லலாம். மழைக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி' ஆகிவிடுகிறது. காயம் 'ஸீரியஸ்'; பாதுகாப்பு 'டைட்'; கரகோஷமோ 'லவுட்'. தமிழில் ஒரே கயிற்றில் கட்டிய ஐந்து மாடுகளும் ஆங்கில எல்லையைத் தாண்டியதும் ஐந்து திசையில் ஓடிவிடுகின்றன. அப்புறம் 'ஹெவி' என்பதைப் பின்தொடர்ந்து போனால் அது வேறொரு மந்தையைக் காட்டுகிறது. தெருவில் வண்டி நெரிசல் என்றால் 'ஹெவி'. வியாபாரத்தில் பெருநஷ்டம் 'ஹெவி'. ஓயாமல் சுருட்டுப் பிடிக்கிறவர்கூட 'ஹெவி'தான், ஆள் ஒல்லியாக இருந்தாலும்!

இந்தச் சுற்றம் தெரியாதபோது நாம் தமிழ்ச் சுற்றத்தையே கூட அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம். தமிழில் கனவு காண்கிறோம். ஆகையால் ஆங்கிலத்திலும் ஒரு கனவைக் 'கண்டேன்' என்கிறோம். ஆங்கிலேயன் கனவைக் காண்பதில்லை. அது அவனுக்கு 'உண்டாக' இருக்கிறது, 'ஹாவ்' என்கிறான். தமிழில் மருந்து சாப்பிடுகிறோம். அவன் மருந்தை எடுத்துக்கொள்கிறான். நாம் பரீட்சை எழுதுகிறோம். அவன் பரீட்சைக்கு உட்காருகிறான். வகுப்பில் எழுந்து நமக்கு ஒரு சந்தேகம் என்கிறோம். அதையே 'டௌட்' என்று மொழிபெயர்த்தால், உபாத்தியாயர் சொன்னது உண்மையா என்றே நாம் சந்தேகிப்பதாக அவன் எண்ணிக்கொள்வான். அவன் கேட்டுப் பழகியது 'க்வெஸ்சன்'.

இவை எல்லாம் வெட்கப்பட வேண்டிய பிழைகள் என்று நாம் சொல்லவரவில்லை. நம் தேசத்தில் இத்தனை கோடி பேர் ஒரு பாஷையைப் புழங்கினால் அந்தப் பாஷையிலும் நம் வாசனை ஏறத்தான் செய்யும். குறித்த நாளுக்கு முன்பே ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வதற்கு 'ப்ரிபோன்' என்ற சொல் இந்தியாவில் வழங்குகிறது. ஆக்ஸ்போர்டு அகராதி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அதற்கு வெகு காலம் முன்பே கப்பலேறி ஆங்கிலத்தில் குடியேறிவிட்டன. ஆனால் வழக்கமான மரபு இன்னது என்று தெரிந்துகொண்டு அதை மீறுவது வேறு. தெரியாமல் தடுமாறுவது வேறு. பேட்டிக்குப் போகிற பெண்ணுக்கு இரண்டாவது ஆபத்தானது.

ஆகையால் நோட்டுப் புத்தகத்தைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் அமைப்பை மாற்றினால் போதும். சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் சுற்றத்தோடு எழுதவேண்டும். 'மிஸ்டேக்' என்று எழுதினால் அரைச் சொல். 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதினால் முழுச் சொல். 'ப்ராமிஸ்' என்பதோடு 'கீப்' என்பதையும், அதற்கு எதிராக 'ப்ரேக்' என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். அதன் கீழே அந்தச் சொற்றொடர் கண்ணில் பட்ட வாக்கியம் ஒன்று; அதற்கும் கீழே தன் வீட்டு விஷயத்தைப் பற்றித் தானே அமைத்த வாக்கியம் ஒன்று. 'அப்பா தம் வாக்கைக் காப்பாற்றினார்' என்று பெண் எழுதினால் அவளுக்கும் மறக்காது. தகப்பனாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நாளைக்கு எத்தனை? ஐந்து போதும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். முப்பது நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்கிற காலத்தில் ஐந்து என்பது மிகவும் அற்பமாகத் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து வீதம் வருஷத்துக்கு 1,800-க்கு மேல் ஆகிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-ல் வெளியிட்ட பிரசித்திபெற்ற பொதுச் சொற்பட்டியலில் இருப்பவையே சுமார் 2,000 சொற்கள்தான். அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் தலைவராக இருந்து, வங்காளிப் பிள்ளைகளுக்கு எந்த ஆங்கிலம் உபயோகப்படும் என்று வெகுவாக ஆராய்ந்தவர். நடுவிலேயே படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைக்குக்கூட ஒரு புத்தகத்தையாவது தானே படிக்கும் சக்தி மிஞ்ச வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகக் கதைகளைக் குறைந்த சொற்களில் திருப்பி எழுதிப் பாடப் புத்தகங்கள் ஆக்கினார். நாவலையும் பத்திரிகையையும் யார் துணையும் இன்றிப் படிப்பதற்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் என்ற நியூஸிலாந்து அறிஞர் 2006-ல் கணக்கிட்டிருக்கிறார். அது மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் முதல் இரண்டாயிரம் உறுதியாக ஊன்றிவிட்டால் மற்றவற்றில் பெரும்பாலானவை படிக்கப் படிக்க ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து சேருகின்றன. எனவே பட்டியலைவிடக் கதைப் புத்தகம் மேல். கடினமான ஒரு புத்தகத்தைவிட எளிய பத்துப் புத்தகம் மேல். பக்கத்துக்கு இருபது சொல் தெரியாத புத்தகத்தைப் படிப்பது கல்லும் அரிசியும் சரிபாதி கலந்த சோற்றைச் சாப்பிடுவது போன்றது.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் ஒரு நூல் எழுதினார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு போவது மெதுவாகப் போகிறது. ஒரே மூச்சில் பல தடவை படிப்பதைக் காட்டிலும் நாட்களைப் பரப்பி இடைவிட்டுப் படிப்பது நிலைக்கிறது. ஆகவே இன்று எழுதிய ஐந்தை நாளைக்கும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் புரட்டிப் பார்க்கவேண்டும். அதிலும் பொருளை மறைத்துக்கொண்டு நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். வெறுமனே கண்ணை ஓட்டினால் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும்.

நிற்க. இவ்வளவும் சேமிப்பைப் பற்றியது. சேமித்தது வேளைக்கு வாயில் வரவேண்டுமே! அதற்கு என்ன வழி?

இதற்குப் பதில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் சொல்லி வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கல்வியில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்து உரைப்பதால் வரும் என்று நன்னூலில் கணக்குப் பிரித்திருக்கிறார். நம் பெண் முதல் கால் பங்கை மட்டும் பெற்றுக்கொண்டு பேட்டிக்குப் போய்விட்டாள். முக்கால் பங்கை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. ஐந்து வருஷ ஆங்கில வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று மொத்தம் எத்தனை நிமிஷம் தன் சொந்த வாக்கியமாகப் பேசியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தால் உபாத்தியாயர்களாகிய நாமே தலை குனிய வேண்டியதுதான்.

மனப்பாடம் செய்த பேச்சு சமயத்தில் காலை வாரிவிடும் என்பதற்கு மகாத்மா காந்தியின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. லண்டனில் படித்தபோது ஆங்கிலக் கனவானாக ஆகவேண்டும் என்று எண்ணி அவர் நடனம், பிடில் முதலியவற்றோடு பிரசங்கக் கலைக்கும் ஆசிரியர் வைத்துக்கொண்டார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அந்த மோகம் தெளிந்துவிட்டது. 1891-ல் ஊர் திரும்புமுன் சைவ உணவுச் சங்கத்து நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். பேசுவதற்குச் சில வாக்கியங்களை வெகு ஜாக்கிரதையாக யோசித்து வைத்திருந்தார். அடிஸன் என்ற பெரிய எழுத்தாளரைப் பற்றிய ஒரு வேடிக்கைக் கதையோடு ஆரம்பிப்பது என்று ஏற்பாடு. அடிஸன் பார்லிமெண்டில் முதல் முறையாகப் பேச எழுந்து 'ஐ கன்ஸீவ்' என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். அந்தச் சொல்லுக்குக் கருதுகிறேன் என்றும் பொருள், கருத்தரிக்கிறேன் என்றும் பொருள். உடனே ஒரு குறும்புக்காரர் எழுந்து, இந்தக் கனவான் மூன்று தடவை கருத்தரித்தும் ஒன்றையும் பெற்றெடுக்கவில்லையே என்றாராம். இந்தக் கதையைச் சொல்ல எழுந்த காந்தியடிகளுக்கு முதல் வாக்கியத்துக்கு அப்பால் ஞாபகம் அடியோடு போய்விட்டது. விருந்தினருக்கு வந்தனம் கூறிவிட்டு உட்கார்ந்தார். அடிஸனைக் கேலி செய்யப் போனவர் அடிஸனாகவே ஆகிவிட்டதைத் தம் சுய சரிதத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் 'யங் இந்தியா' பத்திரிகையில் அவர் எழுதிய ஆங்கிலம் எவ்வளவு எளிமையாகவும் தெளிவாகவும் இருந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அது பிரசங்க வாத்தியாரிடம் வாங்கிய சரக்கு அன்று. சொல்லவேண்டிய விஷயம் உள்ளத்தில் நிறைந்திருந்து, அதைத் தினந்தோறும் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

அதே அடிஸனிடம் ஆங்கிலம் படித்த இன்னொருவர் உண்டு. அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பத்து வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, தமையனாரின் அச்சுக்கூடத்தில் வேலை பழகிய பையன். அடிஸனும் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் தனித் தொகுதி ஒன்று அவன் கையில் சிக்கியது. அந்தக் கட்டுரைகளில் சிலவற்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதி வைத்துக்கொண்டான். சில நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு குறிப்புகளைக் கொண்டு கட்டுரை முழுவதையும் தன் சொல்லில் திரும்ப எழுதினான். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுக் குற்றங்களைத் திருத்தினான். சொல்வளம் போதவில்லை என்று கண்டதும் உரைநடைக் கதைகளைச் செய்யுளாக்கினான். செய்யுளில் அளவுக்கும் எதுகைக்கும் ஏற்ற வேறு வேறு சொற்களைத் தேடித்தானே ஆகவேண்டும்! மூலம் மறந்த பிறகு செய்யுளை மறுபடி உரைநடையாக்கினான். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து ஒழுங்குபடுத்துவான். இத்தனையும் வேலைக்கு முன்னும் பின்னும், ஞாயிற்றுக்கிழமையிலும். தாய்ப்பாஷையில் வல்லமை பெறுவதற்கே ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான்.

அந்நிய பாஷைக்கு இதே முறையைக் காட்டியவர் ராஜர் ஆஸ்கம். இவர் எலிஸபெத் ராணிக்கு ஆசிரியராக இருந்தவர். 1570-ல், அவர் காலமான பிறகு வெளியான அவருடைய நூலில், ஆங்கிலப் பையன் லத்தீன் கற்கும் வழியைச் சொல்கிறார். சிஸெரோவின் லத்தீன் பகுதி ஒன்றைப் பையன் முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதவேண்டும். மூலப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து அந்த ஆங்கிலத்தையே மறுபடி லத்தீனாக்கச் சொல்லவேண்டும். பிறகு சிஸெரோவின் லத்தீனையும் பையனின் லத்தீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் கல்விமானாக வேண்டுமென்றால் லத்தீன் தெரியவேண்டும். இன்று நமக்கு ஆங்கிலம் எப்படியோ அப்படி. ஆஸ்கம் காட்டிய இந்த வழியில் பையனின் தாய்ப்பாஷையான ஆங்கிலம்தான் தராசின் மற்றொரு தட்டாக இருந்து லத்தீனை நிறுத்துக் காட்டியது.

தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிக்கூடங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அபராதம் கட்டப் பயந்த குழந்தை ஆங்கிலம் பேசத் தொடங்குவதில்லை. பேசாமல் இருக்கத் தொடங்குகிறது. நேயரின் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. பேசப் பழகவேண்டிய பெண்ணை இரவு ஒன்பது மணி வரையில் மௌன விரதத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்!

அந்த வீட்டுக்கு நாம் சொல்லும் ஏற்பாடு இது. எளிய ஆங்கிலக் கதை ஒன்றைப் பெண் பகலில் படிக்கட்டும். மாலையில் அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். பாட்டிகள் லேசில் விடமாட்டார்கள். "அவன் ஏன் அப்படிச் செய்தான்? அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். கதையின் கருத்துச் சங்கிலி ஒரு கண்ணியும் விடாமல் மனத்தில் பதிந்துவிடும். இரண்டு நாள் கழித்து, அந்தத் தமிழ்க் கதையைத் தகப்பனாருக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஐந்து நிமிஷம் போதும். தடுக்கும் இடத்தில் நிறுத்தித் திருத்தவேண்டாம். முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, அதில் எப்படிச் சொல்லியிருக்கிறது என்று பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும். அங்கே அகப்படும் சொற்றொடர்களில் ஐந்துதான் நாம் மேலே சொன்ன அன்றைய ஐந்து. மறு வாரம் அதே கதையை நான்கு நிமிஷத்திலும், அதற்கடுத்த வாரம் மூன்று நிமிஷத்திலும் சொல்லிப் பார்க்கலாம். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லும்போது சொல்லைத் தேடும் நேரம் குறைகிறது. சரளம் என்று நாம் வியப்பதில் பெரும் பங்கு இந்தத் தேடும் நேரம் குறைவதுதான். தகப்பனார் ஊரில் இல்லாத நாளில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து தானே கேட்கலாம். முதல் தடவை தன் குரலைத் தானே கேட்கும்போது எல்லாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படுவதற்கில்லை. போலந்துக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதுக்கு மேல் கப்பல்காரர்களிடையே ஆங்கிலம் கற்ற ஜோஸப் கான்ராட் ஆங்கில நாவலாசிரியர்களில் ஒருவராக விளங்கினார். அவர் பேச்சில் போலந்து வாடை கடைசி வரையில் போகவில்லை. ஆயினும் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் கேட்பவர்களுக்கு உபகாரமாயிருக்கும். ஒன்று, 'எம். ஏ.' என்பதை 'யெம். யே.' ஆக்கும் நம் வழக்கம். மற்றொன்று அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை. ஆங்கிலத்தில் ஓர் அசை எஜமானன், மற்றவை வேலைக்காரர்கள். 'ஹோட்டல்' என்பதில் நாம் முன் அசையை அழுத்துகிறோம். ஆங்கிலேயன் பின் அசையை அழுத்துகிறான். 'ரெக்கார்ட்' என்பது பெயராக வந்தால் அழுத்தம் முன்னே. வினையாக வந்தால் பின்னே. அழுத்தம் இடம் மாறினால் மற்ற எழுத்தெல்லாம் சரியாயிருந்தும் கேட்பவன் விழிப்பான்.

எந்த அகராதி வாங்குவது என்றும் பலர் கேட்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் பொருள் தரும் சிறு அகராதி அவசரத்துக்கு உதவும். ஆனால் சுற்றத்தைக் காட்டாது. அந்நியர்கள் ஆங்கிலம் கற்பதற்கென்றே செய்த அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஹார்ன்பி என்பவரும் அவருடைய தோழர்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியாயிற்று. 1948-ல் ஆக்ஸ்போர்டார் அதை எடுத்து மறுபடி வெளியிட்டார்கள். அதன் வழி வந்த பதிப்புகள் இன்றும் விற்பனையாகின்றன. ஜப்பானியப் பிள்ளைகள் எங்கே இடறி விழுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் செய்த புத்தகம் ஆகையால், எந்த வினைச்சொல் எந்த அமைப்பில் வரும், எதற்குப் பின் எந்தச் சிறுசொல் சேரும் என்பதை உதாரண வாக்கியத்தோடு சொல்கிறது. நாமும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் விழுகிறோம். புதிய பதிப்பு விலை அதிகம் என்று தோன்றினால் பழைய புத்தகக் கடையில் பத்து வருஷத்துக்கு முந்திய பதிப்பு கிடைக்கும். அட்டை கிழிந்திருந்தாலும் பாதகம் இல்லை. நடுவில் பக்கம் எதுவும் போகவில்லையா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்கவும்.